மிச்சமான யூனிற்றை விற்பது: திருகோணமலை நகரக் கட்டிடங்களில் மின்சேமிப்பு ஒப்பந்தம் செய்யும் முறை

ஒரு கடைத்தொகுதியின் கரண்ட் பில்லைக் குறைத்துக் கொடுத்து, அப்படி மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கைக் கூலியாக எடுப்பது. தொழில் இவ்வளவுதான். இதில் ஆட்கள் கவிழ்வது லைற்றிலோ ஏசியிலோ இல்லை. 'மிச்சம்' என்ற சொல்லில்தான். மீற்றர் செலவான யூனிற்றைக் காட்டும். செலவாகாமல் போன யூனிற்றைக் காட்டும் மீற்றர் உலகில் எங்கும் இல்லை. அதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கை இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இங்கே கருவிகளைவிடக் கணக்குக்கும் ஒப்பந்தத்துக்கும் அதிக இடம் போகிறது. வயரிங், ஏசி சேவிஸ் செய்பவர்களும் கட்டிட உரிமையாளர்களும் ஒருங்கே வாசிக்கலாம். ஒரே மேசையில் இருந்து வாசித்தால் இன்னும் நல்லது.

எந்தக் கட்டிடம் தேறும்

வேறெதையும் பார்க்குமுன் கடைசி 12 மாத பில்லையும் வாங்கிப் பாருங்கள். மாதம் 1,500 யூனிற்றுக்குக் கீழே ஓடும் கடையில் சேமிப்பைப் பங்கு போடும் ஒப்பந்தம் கட்டாது. அளக்கும் செலவே சேமிப்பைத் தின்றுவிடும். அப்படியான கடைக்குக் கீழே சொல்லும் ரியூப் வாடகை முறை போதும். 3,000 யூனிற் தாண்டினால் பேசலாம்.

அடுத்தது ஓடும் நேரம். பிரதான வீதியில் காலை 9 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும் புடவைக்கடையின் லைற் ஒரு நாளைக்கு 11 மணித்தியாலம் எரிகிறது. மாலையில் மட்டும் நடக்கும் ரியூசன் வகுப்பில் அதே லைற் 4 மணித்தியாலம். முதலாவதில் 6 மாதத்தில் திரும்பும் முதல் (போட்ட பணம்), இரண்டாவதில் ஒன்றரை வருடம் இழுக்கும். லைற்றை எண்ணிக்கொண்டு வருவதோடு, அது எத்தனை மணிக்கு அணைகிறது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

மூன்றாவது, பில்லில் உள்ள கட்டண வகை. வர்த்தகக் கட்டிடங்களுக்குப் பொதுத் தேவை வகையும் ஹோட்டல்களுக்கு ஹோட்டல் வகையும் உண்டு. ஒப்பந்தக் கேள்வி, அதாவது கட்டிடம் ஒரே நேரத்தில் இழுக்கலாம் என்று ஒத்துக்கொண்ட அதிகபட்ச மின்னளவு, 42 கே.வி.ஏ. (அந்த அளவின் அலகு) வரை முதல் பிரிவு. அதற்கு மேல் 400/230 வோல்ற்றில் எடுத்தால் இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவில் யூனிற் விலை நேரத்தைப் பொறுத்து மாறும்: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சநேரம், அதன்பிறகு விடியும்வரை குறைந்த விலை. இதோடு அதிகபட்சக் கேள்விக்குத் தனிக் கட்டணம். 15 நிமிடச் சராசரியில் மாதத்தின் மிக உயர்ந்த கே.வி.ஏ. எதுவோ, அதற்குக் காசு. மாதம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு ஒரு நாள் மத்தியானம் எல்லா ஏசியையும் லிஃப்டையும் தண்ணிப் பம்பையும் ஒருசேரப் போட்டால், அந்தக் கால் மணித்தியாலத்துக்கு மாதம் முழுவதும் கட்ட வேண்டும். முதல் பிரிவில் இது இல்லை. எந்த வகை என்று பார்க்காமல் கொடுக்கும் மதிப்பீடு குருட்டு மதிப்பீடு.

நான்காவது, பில் யார் கட்டுகிறார்கள்? நகரில் பல கட்டிடங்களில் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி மின்கணக்கு. கட்டிடக்காரர் முதல் போட்டால் மிச்சம் வாடகைக்காரருக்குப் போகிறது; வாடகைக்காரர் முதல் போட்டால், ஒப்பந்தம் முடிந்து எழும்பும்போது பொருள் சுவரோடு நிற்கிறது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். இதற்கான வழி பின்னால்.

பழைய கணக்கைப் பிடித்தல்

வேலை தொடங்குமுன் இருந்த நிலைக்கு இங்கே 'பழைய கணக்கு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது பிழைத்தால் மிச்சமெல்லாம் பிழை.

12 மாதம் தேவை. 3 மாதம் போதாது. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரை ஏசி ஓய்வில்லாமல் ஓடும். வாடைமழை வந்த மார்கழியில் அதே கட்டிடம் பாதிக் கரண்டில் ஓடும். ஜூலை பில்லைப் பழைய கணக்காக வைத்து டிசம்பர் பில்லோடு ஒப்பிட்டு "அரைவாசி மிச்சம்" என்று காட்டினால், மழைக்குக் கூலி வாங்கியதாகிவிடும். அடுத்த ஜூலையில் உண்மை வெளிவரும்.

வருடத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். 2022ஐப் பழைய கணக்காக எடுக்கவே கூடாது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. மீற்றரில் ஏறாததெல்லாம் ஜெனரேற்றர் டீசலில் போனது. ஜெனரேற்றர் வைத்திருக்கும் கட்டிடத்தில் டீசல் லீற்றரையும் பழைய கணக்கில் சேர்த்து எழுதுங்கள்.

பில் கிடைத்தபின் அளவெடுப்பு. தேவையானவை: உண்மை வாற் காட்டும் கிளாம்ப் மீற்றர், இரண்டு மூன்று லொகர் (அளவைத் தானே தொடர்ந்து பதியும் கருவி), வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீற்றர், வெப்பநிலை பார்க்கும் கருவி. சாதாரண அம்பியர் கிளாம்ப் மட்டும் இருந்தால் ஏமாறுவீர்கள். ஒரு ரியூப் லைற்றை எடுத்துப் பார்ப்போம். 36 வாற் ரியூப், பழைய இரும்புச் சோக், கப்பாசிற்றர் இல்லை. கிளாம்ப் 0.43 அம்பியர் காட்டும். 230ஆல் பெருக்கினால் 99. அதை 99 வாற் என்று எழுதிவிட்டு 18 வாற் எல்.ஈ.டி. போட்டால் 81 வாற் மிச்சம் என்று கணக்கு சொல்லும். உண்மையில் அந்த லைற் எடுப்பது 45 வாற் அளவுதான், மிச்சம் 27. மூன்று மடங்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். சோக் போட்ட லைற்றில் அம்பியரும் வோல்ற்றும் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை என்பதே காரணம். இன்னொன்று: கிளாம்பை ஒரு கம்பியைச் சுற்றி மட்டும் போடுங்கள். லைனையும் நியூற்றலையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம் காட்டும்.

ஏசிக்கு ஒரு தடவை அளந்தால் போதாது. கொம்பிரசர் நின்று நின்று ஓடுவதால், ஒரு வாரம் லொகர் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். அதே வாரத்தில் கடை திறந்த நேரம், பூட்டிய நேரம், ஏசியில் வைத்திருந்த பாகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வரும் சண்டையில் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்.

ஹோட்டல்களுக்கு இது வேறு மாதிரி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஆட்கள் வரும் காலத்தைப் பொறுத்துப் பில் ஆடும். அங்கே பழைய கணக்கு ஒரு எண்ணாக இருக்காது, ஒரு சூத்திரமாக இருக்கும். 12 மாதத்து யூனிற்றையும் விற்ற அறை-இரவுகளையும் கணினி அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு நேர்கோடு வரைந்தால், இப்படி ஒன்று வரும் என்று வைப்போம்:

மாத யூனிற் = 6,000 + 14 × அறை-இரவு

6,000 என்பது ஆள் இல்லாவிட்டாலும் ஓடும் குளிர்ப்பெட்டி, வெளி லைற், பம்ப். 14 என்பது ஒரு அறை ஒரு இரவு எடுக்கும் கரண்ட். போன ஓகஸ்ட்டில் 600 அறை-இரவு, பில் 14,400. வேலை முடிந்த இந்த ஓகஸ்ட்டில் 800 அறை-இரவு, பில் 13,800. முதலாளி என்ன சொல்வார்? "தம்பி, பெரிய மிச்சம் எண்டு சொன்னீங்கள். பில்லில அறுநூறு யூனிற்தானே குறைஞ்சிருக்கு?" பதில் சூத்திரத்தில் இருக்கிறது. 800 அறை-இரவுக்குப் பழைய ஹோட்டல் 17,200 எடுத்திருக்கும். மிச்சம் 3,400 யூனிற். இது மறுபக்கமும் வெட்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அறைகள் வெறுமையாகி எல்லா ஹோட்டல் பில்லும் விழுந்தது. அதில் ஒரு யூனிற்கூட யாருடைய சேமிப்பும் இல்லை. சூத்திரம் இருந்தால் சேமிப்புக்காரர் (மின்சேமிப்பு வேலையை எடுத்தவர்) அதில் பங்கு கேட்க முடியாது. இரண்டு பக்கத்துக்கும் காவல்.

கடைகளுக்கு அறை-இரவுக்குப் பதில் திறந்திருந்த மணித்தியாலம். தீபாவளி, நோன்புப் பெருநாள், கிறிஸ்மஸ் வாரங்களில் இரவு 10, 11 வரை கடை திறந்திருக்கும். அந்த நேரத்தைக் கூட்டிப் பார்க்காவிட்டால் சேமிப்பு காணாமல் போகும்.

இந்தச் சண்டை பழையது. 1770களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாற்றும் மத்தியூ போல்ற்றனும் இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி எஞ்சின் கொடுத்தபோது, பழைய நியூகொமன் எஞ்சினோடு பார்க்க மிச்சமான நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒன்றைக் கட்டணமாகக் கேட்டார்கள். எஞ்சின் எத்தனை தடவை அடித்தது என்று எண்ணும் கருவியைப் பூட்டிய பெட்டியில் வைத்தார்கள். அப்படியிருந்தும் சுரங்கக்காரர்கள் காசு கட்ட மறுத்து வழக்குவரை போனது. உங்கள் லொகரையும் பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

எந்த வேலை முதலில்

கணக்குக்காக ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தை வைத்துக்கொள்வோம். கீழே புடவைக்கடை, நடுவில் நிதி நிறுவனக் கிளை, மேலே அலுவலகங்கள். 120 ரியூப் லைற், 40 மின்விசிறி, 24,000 பி.ரி.யூ. பழைய ஏசி 10, லிஃப்ட், பம்ப், கணினிகள். எல்லாம் ஓடும்போது 40 கிலோவாற். மாதம் 26 நாள். ஒரு யூனிற் 30 ரூபா, ஒரு கே.வி.ஏ. 1,500 ரூபா என்று சுலபத்துக்காகப் போடுகிறோம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். கீழே வரும் பொருள் விலைகளும் அப்படியே.

லைற்: 27 வாற் × 120 = 3.24 கிலோவாற். 11 மணித்தியாலம் × 26 நாள் = 286 மணித்தியாலம். மிச்சம் 927 யூனிற், 27,800 ரூபா. பொருத்துக்கூலியோடு ஒன்று 1,200 ரூபா என்றால் முதல் 144,000. ஐந்தரை மாதத்துக்குள் திரும்பும். இதை யோசிக்கவே தேவையில்லை.

மின்விசிறி: 70 வாற்றிலிருந்து 32 வாற் பி.எல்.டி.சி. (குறைந்த மின்னில் ஓடும் மோட்டார்) விசிறிக்கு மாறினால் 435 யூனிற், 13,000 ரூபா. ஒன்று 18,000 என்றால் முதல் 720,000, நாலரை வருடம். விற்பவர்கள் இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பழையது எரியும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.

ஏசி: ஓடும்போது 2.3 கிலோவாற், லொகர் சராசரி 1.6. நாளுக்கு 10 மணித்தியாலமாக மாதம் 4,160 யூனிற். இன்வேர்ட்டராக மாற்றிச் சராசரி 1.0 வந்தால் 1,560 யூனிற், 46,800 ரூபா. பெரிய தொகைதான். ஆனால் ஒன்று 350,000 என்றால் முதல் 35 இலட்சம், திரும்ப 6 வருடத்துக்கு மேல். கடற்காற்று வெளி யூனிற்றின் தகட்டை அரிக்கும் ஊரில், அந்த ஏசி அதுவரை புதுசுபோல ஓடும் என்று யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.

அதனால் இருக்கும் ஏசியில் முதலில் கை வையுங்கள். கொயிலை நல்ல தண்ணீரால் கழுவுதல், பில்டர், வாயு அளவு சரிபார்த்தல், வெயிலில் வதங்கும் மேற்குப்பக்க வெளி யூனிற்றுக்குக் காற்றோட்டத்தை மறிக்காத நிழல், கடை வாசலுக்குப் பிளாஸ்ரிக் பட்டைத் திரை, 18 பாகையில் கிடப்பதை 24 அல்லது 25க்கு ஏற்றுதல். ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பது இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. எல்லாம் சேர்த்து 15 சதவீதம் மட்டும் எழுதுங்கள், கூடக் கிடைத்தால் லாபம்: 624 யூனிற், 18,700 ரூபா. முதல் 250,000. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு இன்வேர்ட்டர் பூட்டினவர்களுக்குத்தான் "பில் குறையேல்லை" என்ற கதை வரும். இன்வேர்ட்டர் மிச்சம் பிடிப்பது அறை குளிர்ந்து வேகம் குறையும்போது. கச்சான் உள்ளே அடிக்கும் கடையில் அறை குளிராது, இயந்திரம் முழு வேகத்திலேயே நிற்கும்.

கப்பாசிற்றர் தொகுதியைக் கடைசியில் அளவெடுங்கள். லைற் மாறியபின் சுமை 37 கிலோவாற். வலுக்காரணியை (இழுக்கும் கே.வி.ஏ.யில் உண்மை வேலைக்குப் போகும் பங்கு) 0.8இலிருந்து 0.95க்குக் கிட்டக் கொண்டுவர 15 கே.வி.ஏ.ஆர். (கப்பாசிற்றரின் அளவு) தேவை, 5, 5, 5 என்று படியாக ஏறும் தானியங்கிப் பெட்டி. லைற் மாற்றமும் சேர்ந்து கேள்வி 50 கே.வி.ஏ.யிலிருந்து 39க்கு இறங்கும்; 11 × 1,500 = 16,500 ரூபா. முதல் 180,000. ஒரேயடியாக நிலையாகப் பூட்டினால், இரவில் சுமை இல்லாத நேரத்தில் வோல்ற் ஏறி எல்.ஈ.டி. டிரைவர்கள் (லைற்றுக்கு மின்னைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னச் சுற்று) பாதிக்கப்படலாம். இன்வேர்ட்டர் ஏசியும் யு.பி.எஸ்.ஸும் கூடிய கட்டிடத்தில் ஹார்மோனிக்ஸ் (மின்னலையின் வடிவக் கோணல்) சேர்ந்து கப்பாசிற்றரே வீங்கும். அங்கே ரியாக்ரர் (அதைத் தடுக்கும் கம்பிச்சுருள்) பூட்டிய தொகுதி எடுக்க வேண்டும்.

கவனிக்க: 39 என்பது 42க்குக் கீழே. கேள்வி நிலையாக அங்கே நின்றால் முதல் பிரிவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். அங்கே கேள்விக் கட்டணம் இல்லை, யூனிற் விலை வேறு. இரண்டு விலையிலும் பில்லைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாறினால் கப்பாசிற்றரால் வந்த மிச்சம் கணக்கில் இருந்து மறையும் என்பதையும் நினைவில் வைத்து ஒப்பந்தம் எழுதுங்கள்.

மேல்மாடித் தட்டுக்கு வெள்ளைப் பூச்சு நல்லது, ஆனால் மழைக்காலப் பாசியில் கறுத்துவிடும். பங்குனிக்குள் கழுவ வேண்டும். சூரியப் படலை (சோலார் பனல்) இதையெல்லாம் முடித்தபின் போடுங்கள். முதலில் போட்டால் வீணாகும் கரண்டுக்கும் சேர்த்துப் படல் வாங்கியதாகும்.

பணம் எப்படிக் கைமாறும்

மேலே தெரிந்தெடுத்த மூன்று வேலைக்கும் (லைற், இருக்கும் ஏசியைச் சீராக்குதல், கப்பாசிற்றர்) அளவு மீற்றர்களுக்கு 60,000 சேர்த்து முதல் 634,000. மாத மிச்சம் 63,000. இனி இதை எந்த வடிவத்தில் எழுதுவது?

*ரியூப் வாடகை.* லைற் மட்டும். வாற்றும் மணித்தியாலமும் தெரிந்ததால் மாதாமாதம் அளக்கத் தேவையில்லை. ஒரு ரியூப்புக்கு மாதம் 100 ரூபா, 18 மாதம். இடையில் எரிந்தால் இலவசமாக மாற்றம். முடிந்தபின் பொருள் கடைக்காரருக்குச் சொந்தம். 120 ரியூப்புக்கு 216,000 வருகிறது, முதல் 144,000. கடைக்காரருக்கு 27,800 மிச்சத்தில் மாதம் 12,000 போய் 15,800 நிற்கிறது. சின்னக் கடைக்கும் விளங்கும், ஒரு பக்கத் தாளில் எழுதலாம். தொழில் தொடங்குபவர்கள் இங்கேயே தொடங்குங்கள்.

*பங்கு முறை.* முதல் முழுக்கச் சேமிப்புக்காரருடையது. மிச்சத்தில் 70 சதவீதம் அவருக்கு, 24 மாதம். மாதம் 44,100; மொத்தம் 1,058,400. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது கழியுங்கள்: முதல் 634,000. மாதம் ஒரு தடவை வந்து பார்க்க, கழுவ 8,000 வீதம் 192,000. மாற்றுப் பொருள் 30,000. 15 சதவீத வட்டியில் ஏறத்தாழ 75,000. கையில் நிற்பது 127,000. இரண்டு வருட உழைப்புக்கு! மிச்சம் எதிர்பார்த்ததில் 80 சதவீதம்தான் வந்தது என்றால் வருமானம் 211,680 குறைந்து, 84,000க்கும் மேல் நட்டம்.

ஆகவே பங்கு முறையில் ஒற்றைக் கட்டிடம் எடுக்காதீர்கள். ஒரே வீதியில் நான்கு ஐந்து கட்டிடம் சேர்ந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பார். 8,000 ஆன மாதச் செலவு 3,000க்கு இறங்கும், ஒன்றின் குறை மற்றதில் ஈடாகும். பேர்லின் நகரம் 1996இல் தொடங்கிய சேமிப்புப் பங்காளித் திட்டத்தில் பொதுக் கட்டிடங்களைத் தொகுதி தொகுதியாகக் கட்டித்தான் கேள்விப்பத்திரம் கோரினார்கள். லாபமானதோடு லாபமில்லாததையும் சேர்த்துக் கொடுக்கும் தந்திரம் அது.

*உத்தரவாத முறை.* உரிமையாளர் தன் பணத்திலோ வங்கிக் கடனிலோ செய்கிறார். நீங்கள் வேலையின் விலையையும் மேலே 20 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டு, குறைந்தது இவ்வளவு யூனிற் மிச்சம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். குறைந்தால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். எதிர்பார்ப்பு 1,551 யூனிற் என்றால் 80 சதவீதமான 1,240ஐ மட்டும் எழுதுங்கள். கையில் முதல் இல்லாத, வேலை தெரிந்த ஆளுக்கு இதுவே நல்ல வடிவம். உரிமையாளருக்கும் மொத்தச் செலவு குறைவு. ஹோட்டல்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

*குளிரை விற்பது.* ஏசி உங்களுடையது, பராமரிப்பும் உங்களுடையது. அறைக்கு மாதம் இவ்வளவு. இயந்திரம் நின்றால் அந்த நாளுக்குக் காசு இல்லை. கடற்கரை ஹோட்டல்களுக்குக் கவர்ச்சியான பேச்சு, ஆனால் துருவின் செலவு முழுக்க உங்கள் தலையில். பூச்சுப் பூசிய கொயில், மாதாந்தக் கழுவல், 5 வருடத்துக்குள் முதல் எடுக்கும் விலை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இறங்காதீர்கள்.

கட்டிடக்காரர்–வாடகைக்காரர் முடிச்சுக்கு: கட்டிடக்காரர் முதல் போடுவார், அளந்த மிச்சத்தில் 60 சதவீதம், முதல் திரும்பும்வரை 'மின்சேமிப்புக் கட்டணம்' என்று வாடகையோடு தனி வரியில் வரும். அதை வாடகைக்குள் கரைத்துவிடாதீர்கள். கரைத்தால் முதல் திரும்பியபின்னும் இறங்காது, வாடகைக்காரருக்கும் அது தெரியும்.

அரச அலுவலகம், பாடசாலைகளில் பங்கு முறை மிகக் கடினம். மின்கட்டணத்துக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சினால் டிசம்பர் 31உடன் திரும்பிவிடும். மிச்சத்தை வைத்து உங்களுக்குக் கட்டும் வழி கணக்குப் பகுதியில் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தமாகவோ நேரடிக் கொள்வனவாகவோ போங்கள்.

ஒப்பந்தத்தில் விடக்கூடாத வரிகள்

மிச்சத்தை ரூபாவில் எழுதாமல் யூனிற்றிலும் கே.வி.ஏ.யிலும் எழுதுங்கள், விலையைத் தனி வரியில் வையுங்கள். காரணம் அண்மைய வருடங்களே: மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் இறங்கி, 2025 ஜனவரியில் இன்னும் 20 சதவீதம் இறங்கியது. அதே வருட ஜூனில் 15 சதவீதம் ஏறியது. ஏறும்போது கையெழுத்து வைத்த சேமிப்புக்காரர் இறங்கும்போது முதலை இழப்பார். 'அந்த மாதத்துப் பில் விலை. ஆனால் 25 ரூபாவுக்குக் குறையாது, 45க்கு மேற்படாது' என்பதுபோல் கீழ்வரம்பும் மேல்வரம்பும் போட்டால் இரண்டு பேரும் தூங்கலாம். வரம்பைக் கையெழுத்து வைக்கும் நாளின் விலையைச் சுற்றி வையுங்கள்.

நேரம் மாற்றியதால் வரும் லாபம் யாருக்கு என்பதை எழுதுங்கள். ஹோட்டல் சலவை இயந்திரத்தை மாலை 7 மணியிலிருந்து காலை 10க்கு மாற்றினால் ஒரு யூனிற்கூடக் குறையாது, காசு குறையும். எழுதாவிட்டால் இரண்டு பேரும் தமக்கென்பார்கள்.

புதிதாக வரும் சுமை: நடு மாடியில் ஏ.ரி.எம். வந்தால், ஐஸ்கிரீம் பெட்டி வந்தால், 7 நாளுக்குள் எழுத்தில் அறிவித்து வாற்றை அளந்து பழைய கணக்கில் கூட்ட வேண்டும். அறிவிக்காமல் வந்த சுமை உரிமையாளர் பொறுப்பு.

சேவைத் தரம்: கடையில் 300 லக்ஸ், அலுவலக மேசையில் 500, நடைபாதையில் 100; ஏசி அறை 25 பாகைக்கு மேற்படாது. இந்த வரி இல்லாவிட்டால் பாதி லைற்றைக் கழற்றிவிட்டும் "மிச்சம்" என்று காட்ட முடியும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் லக்ஸ் எடுத்துப் பின்னிணைப்பாகக் கட்டுங்கள்.

கட்டுப்பணத்துக்குப் பின்திகதியிட்ட காசோலைகளை 6 மாதத்துக்கு ஒரு தடவையாக வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். கட்டிடம் கைமாறினால் மீதி முதலை விற்பவர் தீர்க்க வேண்டும் என்ற வரியும் தேவை. அளவு முறைக்கு ஐ.பி.எம்.வி.பி. என்ற சர்வதேச நெறிமுறையில் நான்கு வழி உண்டு. லைற்றுக்கு 'ஏ' (ஒரு முக்கிய அளவை மட்டும் அளந்து, மற்றதை ஒத்துக்கொள்வது), ஏசிக்கு 'பி' (அந்தக் கருவியைத் தனியே தொடர்ந்து அளப்பது), ஹோட்டலுக்கு 'சி' (முழுக் கட்டிட மீற்றர்). எது என்று எழுத்தைக் குறிப்பிட்டுவிட்டால் நீண்ட விளக்கம் வேண்டாம். பெரிய வேலைகளுக்கு, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த வலுச்சேவை நிறுவனமாக இருப்பது வங்கியில் பேச உதவும்.

வேலை கெடும் இடங்கள்

எல்.ஈ.டி. ரியூப்பைப் பழைய சட்டத்தில் செருகிவிட்டுச் சோக்கைக் கழற்றாமல் விடுவது. சோக் சில வாற்றைச் சும்மா தின்னும், ரியூப்பும் சூடாகும். சோக்கையும் ஸ்ரார்ட்டரையும் எடுத்து நேரடி வயர் கொடுங்கள்; ஒரு பக்கம் லைன்–நியூற்றல் வரும் ரியூப்பா, இரு பக்கமுமா என்று பார்த்து வயர் பண்ணுங்கள். முடிந்ததும் சட்டத்துக்குள் 'எல்.ஈ.டி. மட்டும்' என்று ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் பழைய ரியூப்பைச் செருகி பிரேக்கரை அடிக்க வைப்பார்.

இடி. ஐப்பசியிலும் சித்திரையிலும் மாலை இடிக்கு எல்.ஈ.டி. டிரைவர்கள் கூட்டமாகப் போகும். பிரதான பெட்டியில் இரண்டாம் வகைச் சேர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் வோல்ற்றை மறிப்பது), சரியான எர்த். எர்த் அளக்காமல் பாதுகாப்புப் பூட்டுவது பயனற்றது.

உப்பு. கடலிலிருந்து ஓரிரு நூறு மீற்றருக்குள் வெளி யூனிற்றை மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணற்று நீர் உவராக இருந்தால் அதாலேயே கழுவுவது நோயாளிக்கு நஞ்சு கொடுப்பதுபோல. அதிக அழுத்தத்தில் அடித்தால் தகடு மடிந்து காற்றோட்டம் அடைபடும்.

ரிமோட். 25இல் பூட்டிவைத்த ஏசியை இரண்டாம் வாரமே யாராவது 18க்கு இறக்குவார்கள். லொகர் வரைபடத்தில் அந்த நாள் பளிச்சென்று தெரியும். சண்டை பிடிக்காமல் வரைபடத்தை அச்சடித்து முகாமையாளரிடம் கொடுங்கள். வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

ஒப்பந்தம் முடியும் மாதத்தில் கையளிக்க வேண்டியவை: மாற்றிய வயரிங் வரைபடம், மீற்றர் பெட்டிச் சாவி, 5 சதவீத மாற்று ரியூப், கப்பாசிற்றர் பெட்டியின் அமைப்பு எண்கள், கழுவல் அட்டவணை. கழுவலைத் தொடர்ந்து செய்ய வருடச் சேவிஸ் ஒப்பந்தம் ஒன்றையும் அன்றைக்கே மேசையில் வையுங்கள். ஏசியால் வந்த மிச்சம் கொயில் சுத்தமாக இருக்கும்வரைதான் நிற்கும்.